இடம் மாறிய கொம்பு

தேன் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தனே' என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கம்பனி விலாசம். அதில் கொழும்பின் கொம்பும் காலும் ககரத்தை விட்டு இறங்கி, சண்டை பிடித்த புருஷன் பெண்சாதி மாதிரித் தள்ளித் தள்ளி நின்றன.

2019ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். கொம்பனித்தெருப் பக்கம் ஓர் உணவுப்பொருள் கம்பனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். விளம்பரப் பிரிவில் டிசைன் செய்கிற பையன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "பொட்டக் பலன்ன, மிஸ்" என்றான். கொஞ்சம் பாருங்கோ என்று அர்த்தம். கொழும்பில் சிங்களவர்கள் அதிகமாக உள்ள அலுவலகத்தில் வேலை பார்த்த தமிழருக்கு இது தெரியும். நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தாலும் அங்கே தமிழ்ப் பிரிவும் நீங்கள்தான். சுற்றறிக்கை, கழிவறைக் கதவில் ஒட்டும் அறிவித்தல், தைப்பொங்கல் வாழ்த்து எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். சம்பளப் பட்டியலில் இல்லாத உத்தியோகம்.

வழக்கமாகப் பார்த்து, சரி அல்லது பிழை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். அதில் தேன் தேனாகத்தான் இருந்தது. இவனுடைய திரையில் தனே. "நான் கொப்பி பண்ணி ஒட்டினேன், வேறொன்றும் செய்யவில்லை" என்று சத்தியம் பண்ணாத குறை. அவன் பொய் சொல்லவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத அவனுக்கு இரண்டும் ஒரே மாதிரியான வளையங்கள்தானே.

காரணத்தைத் தேடிக்கொண்டு இரவு எட்டு மணி வரைக்கும் இருந்தேன். என் திரையில் முடிக்காத வங்கிக் கணக்கிணக்கம் ஒன்று திறந்தபடி கிடந்தது.

விஷயம் இதுதான். கையால் எழுதும்போது நாம் கொம்பை முதலில் போட்டுவிட்டுப் பிறகு தகரத்தை எழுதுகிறோம். பழைய தட்டச்சு யந்திரமும் அப்படித்தான். இலங்கையில் எல்லாரும் வருடக்கணக்காகப் பாவித்த பாமினி எழுத்துருவும் அப்படித்தான்: கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்ட வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் வந்தபோது வரிசை மாறியது. அதில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. நாம் சொல்லும்போது வாயில் வருகிற வரிசை. அதைத் திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைக்க வேண்டியது மென்பொருளின் வேலை. அந்தப் பையனுடைய மென்பொருளில் தென்னாசிய மொழிகளுக்கான தெரிவை யாரும் போட்டுவிடவில்லை. அதனால் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் னகரத்தின் தோளில் கை போட்டிருந்தது.

ஒரு சின்னச் சதுரத்தில் அடையாளம் போட்டோம். பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசைக்கு ஓடுகிற மாதிரி எல்லாக் கொம்புகளும் ஒரே நேரத்தில் வீட்டுக்குத் திரும்பின.

அத்துடன் நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். எழுத்து சரியாகிவிட்டது, ஆனால் இப்போது அது அழகாக இல்லை என்பது கண்ணில் குத்தத் தொடங்கியது. சிங்கள எழுத்து தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது. தமிழைப் பக்கவாட்டில் அமுக்கி அதே நீளத்துக்குள் திணித்திருந்தார்கள். ழகரத்தின் வால் அடுத்த வரியின் தலையில் இடித்தது. "இதைக் கொஞ்சம் மாற்றலாமா?" என்று கேட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம். அவன் பொறுமைசாலி. ஒன்பதரைக்கு நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறியவள், வெள்ளவத்தையில் இறங்க மறந்து தெஹிவளையில் இறங்கினேன்.

அன்றைக்கே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். பேட்டிகளில் அப்படித்தான் சொல்கிறார்கள், மின்னல் வெட்டியது, கதவு திறந்தது என்று. எனக்கு வெட்டவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய்ப்பூ மாதிரிதான் இருந்தது. பெரிய வலி இல்லை, ஆனால் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. இதைத்தான் நான் செய்ய விரும்புகிறேன் என்று எனக்கே தெரிய இரண்டரை வருடம் பிடித்தது.

ஏன் இவ்வளவு நேரம் என்று பிறகு யோசித்திருக்கிறேன். என்னை யாரும் தடுக்கவில்லை. கேட்டால்தானே தடுக்க. சாதாரண தரத்தில் சித்திரம் ஒரு பாடமாக எடுத்தேன், ஏ வந்தது, சந்தோஷம், முடிந்தது. உயர்தரத்துக்கு வர்த்தகப் பிரிவு. அதன் பிறகு கணக்காளர் படிப்பு. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீட்டில் அந்தப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். நான் நாலாவது. பரதநாட்டியம், வீணை என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு ஒழுங்கு தெரியும்: வகுப்பு, அரங்கேற்றம், கல்யாண அல்பத்தில் ஒரு படம். எழுத்து வடிவத்துக்கு அப்படி ஒரு பெட்டியே இல்லை. இல்லாத பெட்டியில் போட்டு வைக்க ஆசை வருமா?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தார் படம் வரைவதில்லை, கீறுவார்கள். "நல்லாக் கீறுவாள்" என்றுதான் அம்மா என்னைப் பற்றிச் சொல்வார். சென்னையிலிருந்து வந்த ஒரு சிநேகிதி அதைக் கேட்டுப் பயந்து, யாரைக் கீறினாய் என்று கேட்டாள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஓலையில் எழுத்தாணியால் கீறித்தானே எழுதினார்கள். ஓலை பொத்துவிடும் என்று புள்ளியைக்கூட வைக்காமல் விட்டார்கள். எகரத்துக்கு ஒற்றைக் கொம்பு, ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பு என்று பிரித்து வைத்த பெருமையை வீரமாமுனிவருக்குக் கொடுக்கிறார்கள். அப்படியென்றால் அன்றைக்கு என் மேசைக்கு வந்த பிரச்சினைக்கு வயது கிட்டத்தட்ட முந்நூறு.

சரி, தேங்காய்ப்பூ விஷயத்துக்கு வருகிறேன். அதன் பிறகு பலகைகளைப் பார்க்கிற வியாதி பிடித்தது. பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கக் கடைகள், வரும்போது மறுபக்கக் கடைகள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து எடுத்து இடம் போதாமல் போனது. மருதானை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய கடைகளில் இன்னமும் சில பலகைகள் பழைய ஐகாரத்தோடு இருக்கின்றன. ணை, லை, ளை, னை என்ற நாலையும் முன்பு முன்னால் ஒரு துதிக்கை வைத்து எழுதினார்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டதில் அது போயிற்று. இங்கேயும் மெல்ல மெல்ல அதையே பின்பற்றினோம். ஒரு துதிக்கைக்காகக் கண்ணீர் விடத் தேவையில்லைதான். ஆனாலும் யானை என்று எழுதும்போது துதிக்கையைப் பறிகொடுத்தது யானையேதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். மருதானையில் ஒரு பூட்டிய கடைக்கு மேலே துருப்பிடித்த தகரத்தில் அந்த னை இன்னமும் இருக்கிறது. ஓவியர் அந்தத் துதிக்கையை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார். தூரிகை எங்கே வைத்தார், எங்கே எடுத்தார் என்பது பெயின்டின் தடிப்பிலேயே தெரியும்.

அப்படிப் படம் எடுக்கப் போன ஒரு சனிக்கிழமைதான் ஜம்பட்டா வீதிப் பக்கம் அந்த ஐயாவைக் கண்டேன். எழுபது வயதிருக்கும். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால், இரண்டு ஸ்டூலில் குறுக்கே வைத்த பலகையின் முன் நின்றார். பெயர்ப்பலகைகளை இப்போது யாரும் கையால் எழுதுவதில்லை. பிளாஸ்டிக் துணியில் அச்சடித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். வெயிலில் இரண்டு வருடத்தில் சிவப்பு நிறம் ரோஸாகிவிடும். அந்த முதலாளி பழைய ஆள், எனாமல் பெயின்ட்தான் வேண்டும் என்றாராம்.

ஐயா நூலில் சோக்குத் தூளைத் தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு சுண்டினார். நேர்கோடு விழுந்தது. பிறகு எழுத்துகளை விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்து, முதல் எழுத்திலிருந்து தொடங்காமல் நடு எழுத்தைப் பலகையின் நடுவில் எழுதினார். அதற்குப் பிறகு வலப்பக்கம், கடைசியாக இடப்பக்கம். இடது கையில் ஒரு தடி. அதன் நுனியில் துணி சுற்றியிருந்தது. அதைப் பலகையில் ஊன்றி, அதன் மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டு தூரிகையை இழுத்தார். நான் வெட்கம் கெட்டு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். கடைசியில் அவரே கேட்டார்.

"என்ன மகள், போட் எழுதணுமா?"

"இல்ல ஐயா, சும்மா பாக்கிறன்."

"சும்மா யாரு பாக்குறா இதை?" என்றவர், கடைப் பையனிடம் எனக்கும் ஒரு பிளேன்டீ சொன்னார்.

மூன்று மொழிப் பலகையில் எது கஷ்டம் என்று கேட்டேன். மொழி இல்லை, இடம்தான் கஷ்டம் என்றார். "சிங்களத்தை முதல்ல எழுதச் சொல்லுவாங்க, சரி. இங்கிலீஷைப் பெருசாப் போடச் சொல்லுவாங்க, சரி. தமிழை எங்க போட? மூணுலயும் நீளமான சொல்லு தமிழ்தானே. மிச்சம் இருக்கிறது நாலு விரல் அகலம்." நாலு விரல் என்று கையை மடக்கிக் காட்டினார். விரல் நுனியெல்லாம் நீலப் பெயின்ட். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அது பலகைக்கு வந்து சேரும்போது நாலு விரலாகியிருக்கிறது. இதை நான் சொல்கிறேன், அவர் அரசியல் எதுவும் பேசவில்லை. அவருக்கு அது அளவுப் பிரச்சினை.

ழகரத்தின் வாலை இழுக்கும்போது மூச்சு விடுவதில்லை என்றும் சொன்னார். தத்துவம் ஒன்றும் இல்லை, மூச்சு விட்டால் தோள் அசையும், தோள் அசைந்தால் கோடு நெளியும். என்னிடம் தூரிகையைத் தந்து ஒரு பழைய தகரத்தில் எழுதச் சொன்னார். ப எழுதினேன். இரண்டு நேர்கோடு, ஒரு படுக்கைக்கோடு, தமிழிலேயே சுகமான எழுத்து என்று நினைத்தேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது ப இல்லை, உடைஞ்ச கதிரை" என்றார்.

வீட்டுக்கு வந்து இருபத்தேழு ப எழுதினேன். மறுநாள் ஞாயிறு, பாட நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் ட எழுதினேன். இந்த வயதில் ஒருத்தி அரிச்சுவடி எழுதுவதை அம்மா கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

அடுத்த வருடம் கொரோனாவால் கொழும்பு பூட்டிக்கிடந்தது. அந்தக் காலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் கிடைத்தது, இலவசமாகத் தரவிறக்கக்கூடிய ஓர் எழுத்துருச் செயலியும் ஊரடங்கு இரவுகளும்தான்.

247 எழுத்து என்று சின்ன வயதில் பாடமாக்கியது நினைவிருக்கும். எழுத்துரு செய்ய வந்தால் அவ்வளவையும் தனித்தனியே கீற வேண்டியதில்லை. காலும் கொம்பும் ஒருமுறை கீறினால் எல்லாருக்கும் பொது. வில்லங்கம் பிடித்தவை உகர ஊகாரங்கள். பு, வு, யு மூன்றும் வலது பக்கத்தில் நேராகக் காலை இறக்கும். மு, ழு, ளு வட்டமாகச் சுற்றிக்கொள்ளும். து, நு, னு சுழித்துவிட்டு மேலே கை தூக்கும். கு யாரோடும் சேராது, அது தனி ஆள். பதினெட்டு மெய்க்கும் இரண்டு இரண்டாக முப்பத்தாறு. ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டை பிடிக்காத அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு ழுவுக்கு நான் பதினொரு இரவு செலவழித்தேன். அது சரிவந்த இரவில் சந்தோஷம் தாங்காமல் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதிகாலை இரண்டு மணிக்கு ழு சரிவந்துவிட்டது என்று யாரிடம் சொல்வது?

இதை ஒரு தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. அதுவும் கொழும்பில். மூனியாக் என்ற குழு ஒன்று, நம் மதில்களில் வெட்டுத்தகடு வைத்துப் பெயின்ட் அடிக்கிற 'விளம்பரம் ஒட்டாதீர்' பாணியில் ஓர் எழுத்துருக் குடும்பம் செய்து இலவசமாக வெளியிட்டிருந்தது. அதில் சிங்களம் உள்ளதற்குக் கொழும்பு என்றும் தமிழ் உள்ளதற்கு யாழ்ப்பாணம் என்றும் பெயர். நாம் தினமும் மூத்திர நாற்றத்தோடு கடந்து போகிற மதிலைப் பார்த்து ஒருவர் எழுத்துரு செய்திருக்கிறார் என்றால், நான் பைத்தியம் இல்லை என்று தோன்றியது. அல்லது குறைந்தபட்சம் தனிப் பைத்தியம் இல்லை.

கலா பொலவுக்கும் போனேன். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் வீதியோரத்தில் ஓவியர்கள் படங்களை அடுக்கி விற்கிற ஒருநாள் சந்தை அது, 1993இல் தொடங்கியது. அந்த வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். கொழும்பில் 1877இல் பிறந்தவர், படித்தது புவிச்சரிதவியல், இங்கே கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். தோரியனைற்று என்ற கனிப்பொருளைக் கண்டறிந்தவரும் அவர்தான். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர், அங்கே கைவினைஞர்களைக் கண்டு, கலையின் பக்கம் சாய்ந்து, 1917இல் பொஸ்டன் நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று, பார்த்தாயா, அவரும் வேலையை மாற்றியிருக்கிறாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே கணக்காளர் மூளை குறுக்கே வந்தது: சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனுக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிற பிரச்சினை இருந்திருக்காது.

2022இன் பொருளாதார நெருக்கடியை எப்படிக் கடந்தோம் என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. எரிவாயு சிலிண்டருக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு இன்னொன்று. அச்சடிக்கக் காகிதம் இல்லை என்று மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக் காரியாலயத்தின் வாசலில் இரவே போய்ப் படுத்தார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சுத்தான். கனடாவிலுள்ள அக்கா வாரத்துக்கு இரண்டு தரம் எடுத்து, "ஒரு பாடம்தானே மிச்சம், அதை முடிச்சிட்டு இங்க வா" என்பாள். எல்லாரும் நாட்டை விட்டுப் போகிற நேரத்தில் எனக்கு வந்த ஆசை, மெழுகுதிரி வெளிச்சத்தில் ணகரத்தின் சுழிகளுக்கு இடையில் எவ்வளவு வெளி விடலாம் என்று பார்ப்பது. வெளியில் சொன்னால் அடிப்பார்கள்.

ஏப்ரலில் ஒரு பின்னேரம் சிநேகிதிகளோடு காலிமுகத்திடலுக்குப் போனேன். அரசுக்கு எதிரான போராட்டக் கூடாரங்களுக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் நிலத்தில் இருந்து மட்டைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஒரு சிங்களப் பிள்ளை மட்டையையும் தூரிகையையும் நீட்டி, இதைத் தமிழிலும் எழுதித் தாருங்கள் அக்கா என்றாள். மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம். கீழே மிஞ்சியிருந்தது நாலு விரல் அகலம்கூட இல்லை, மூன்று விரல்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. யாருமே வேண்டுமென்று செய்வதில்லை. மட்டையைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. எழுத்துகளை எண்ணி, நடுவிலிருந்து தொடங்கினேன்: பரீட்சை எழுதக் காகிதம் எங்கே? கடற்காற்றில் மட்டை துடித்தது, யாரோ இரண்டு பேர் மூலைகளில் முழங்கால் வைத்து அழுத்திப் பிடித்தார்கள். ழு வந்தபோது மூச்சைப் பிடித்தேன். முடித்து நிமிர்ந்தபோது இன்னும் மூன்று மட்டைகள் பக்கத்தில் காத்திருந்தன. இருட்டும் வரைக்கும் எழுதினேன். கையெல்லாம் கறுப்பு. வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுக் கழுவும்போது, நாளைக்குத் திங்கட்கிழமை, கணக்கு முடிக்க வேண்டும் என்ற நினைப்பு வந்தது. வயிற்றுக்குள் ஏதோ கனமாக இறங்கியது. கணக்கு வேலையில் எனக்கு வெறுப்பு இல்லை, அது நன்றாகவே வரும். ஆனால் மட்டைகளுக்கு முன்னால் இருந்த நாலு மணி நேரத்தில் ஒருமுறைகூட நான் நேரம் பார்க்கவில்லை. கந்தோரில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கால் பார்ப்பேன். அந்தக் குளியலறையில்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். மின்சாரம் போயிருந்தது.

வீட்டில் சொல்ல இன்னும் ஒரு வருடம் எடுத்தது. அப்பாவுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"எழுத்துக் கீறுறதோ?" என்றார். "அதுக்கு ஆர் காசு தருவினம்?"

"கடைக்காரர், புத்தகம் போடுற ஆக்கள், கலியாணக் காட்..."

"கலியாணக் காட்டோ?"

அம்மா குசினியிலிருந்து வந்தார். "ஊரில எல்லாப் பிள்ளையளும் படிச்சதைத்தானே செய்யுதுகள். உனக்கு மட்டும் என்ன கொம்பே முளைச்சிருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஏனென்றால் உண்மையிலேயே முளைத்ததே கொம்பிலிருந்துதான், அதை அப்போது விளக்க முடியுமா? கொழும்பிலிருந்து ழுவை எடுத்துவிட்டால் மிஞ்சுவதும் கொம்புதான். அம்மாவுக்குக் கோபம் இன்னும் கூடியது. மூன்று நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது.

காசு விஷயத்தை மறைக்கக் கூடாது, ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளில் எல்லாரும் அதைத்தான் மறைக்கிறார்கள். வேலையை விட்டது 2023 டிசம்பரில். எட்டு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் வெள்ளவத்தையில் மூன்று சிறிய கடைகளுக்குக் கணக்கெழுதுகிறேன், வீட்டுக்குக் கொடுப்பது அதில்தான் வருகிறது. மிச்ச நாள் எழுத்து. முதன்முதலில் எழுத்துக்கென்று கிடைத்தது 7,500 ரூபாய், ஒரு கல்யாண அழைப்பிதழில் இரண்டு பெயர்கள். ஒரு கடைக்காரர் பாதி தந்துவிட்டு, "எழுத்து கம்பியூட்டர்ல சும்மா கிடக்குதானே, அதுக்கு எதுக்கு முழுக் காசு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை, மிச்சமும் வரவில்லை. அந்தக் கடைசிப் பாடத்தை இன்னமும் எழுதவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது ஒரு மாமி அதைக் கட்டாயம் கேட்பார். எழுதித்தான் வைத்துவிடலாமே என்பதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. எழுதிவிட்டால் திரும்பிப் போய்விடுவேனோ என்ற பயம்தான், வேறென்ன.

அப்பா முப்பத்தொரு வருடம் ஓர் அரச திணைக்களத்தில் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தவர். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் எனக்கே அது பிந்தித்தான் உறைத்தது. தமிழ்த் தட்டச்சு யந்திரத்தை உருவாக்கிய முத்தையா சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போனவர் என்பதைச் சின்ன வயதில் அப்பாதான் எனக்குச் சொன்னார், அதுவும் ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

போன மாதம் என் எழுத்துருவின் முதல் முழுப் பக்கத்தை அச்செடுத்தேன். பெரிய அளவில் கொழும்பு, கீழே சின்ன அளவில் நாலு பந்தி. மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் பாண் வாங்கி வந்து பார்த்தால், அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் மேல் குனிந்திருந்தார். கையில் சிவப்புப் பேனை. மூன்றாம் வரியில் ஒரு ணவைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. ஏழாம் வரியில் டகரத்துக்குக் கீழே கோடு.

"இது சாயுது" என்றார்.

"எங்க?"

"வடிவாப் பார். வலப்பக்கம் சாயுது."

பார்த்தேன். சாய்ந்திருந்தது. இரண்டு வருடமாக நான் காணாதது.

பிறகு பெரிய கொழும்புக்கு வந்தார். பேசாமல் நெடுநேரம் பார்த்தார். வலது கை மேசைமேல் இருந்தது. விரல்கள் தாமாகவே தட்டத் தொடங்கின, முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ழுவுக்கு வந்ததும் ஒரு விரல் மேலே தூக்கியபடி நின்றுவிட்டது, எங்கே இறங்குவதென்று தெரியாமல்.

"ழு எந்தப் பக்கம் இருந்தது..." என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "உன்ர கொம்புக்குத் தலை பெரிசு. குறை" என்றார்.

பாணை மேசையில் வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன்.